செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி இட்லி

அருமனை,
நவம்பர் 9.

அன்பு மகள் ஜெஸ்பினுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நானும் உன் அம்மாவும் இங்கே நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அங்கே நீ சுகமாக இருக்கிறாயா என்று அடுத்த வரியில் கேட்க வேண்டும், ஆனால் கேட்கவில்லை, கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். சுகம்பா, சாப்பிட்டேன்பா, நீங்க சாப்பிட்டீங்களா என்பாய். பதினாறு மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய், நானும் நம்பிக்கொண்டிருந்தேன். போன வாரம் போனில் நீ அழுதபோது நான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். உன் அழுகையைக் கேட்டால் எனக்குச் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோகும், அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். எரிச்சலாக இருந்தாலும் கடைசிவரை வாசி.

முதலில் வீட்டு விஷயம். மழையில் கோழிக்கூட்டுப் பக்கத்து மதில் சரிந்துவிட்டது, ஆள் கிடைக்கவில்லை, நானே கல்லை எடுத்து அடுக்கி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு முட்டுவலி முன்பு போலத்தான், மாடிப்படி ஏறுவதில்லை. அடுத்த வீட்டு ஜின்சியின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, அது உனக்கே தெரியும், நான் போளியும் பால்பாயசமும் சாப்பிட்ட இலையை ஒளிக்காமல் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன் அல்லவா. நீ கோபமுகம் போட்டு, இன்றைக்குச் சாயங்காலம் முக்கால் மணி நேரம் நடக்கணும் என்று எழுதினாய். மழை தூறிக்கொண்டிருந்தது, குடையைப் பிடித்துக்கொண்டு சர்ச் மைதானத்தைப் பதினொரு சுற்று சுற்றினேன். உபதேசியார் வாசலில் நின்று பார்த்து, ஏதாவது பொருத்தனையா என்று கேட்டார். என் மகள் சொல்லியிருக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னேன். அதை இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை, எனக்குச் சுகர் என்று தெரிந்த வருடம் நீ காலேஜில் இரண்டாம் வருடம். கண்டக்டர் வேலையில் நேரத்துக்குச் சாப்பிட முடியாது, எல்லாரும் அப்படித்தான் என்று நான் சொன்னபோது நீதான் ஒத்துக்கொள்ளவில்லை. என் டூட்டி நேரத்தை எல்லாம் கேட்டு எழுதி, ஏழரை, பத்தரை, ஒன்று, நாலரை, எட்டு என்று ஐந்து நேரம் வைத்து, எதில் என்ன, எவ்வளவு என்று அழகான கையெழுத்தில் சார்ட் எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டினாய். என் போனில் ஐந்து அலாரம் வைத்தாய். நாகர்கோவில் ட்ரிப்பில் நிற்க இடமில்லாத கூட்டத்தில் பத்தரைக்கு அலாரம் அடிக்கும், நான் டிக்கெட் மெஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கை கடலையை வாயில் போடுவேன், பள்ளிப் பிள்ளைகள் சிரிக்கும். ஹைதராபாத்துக்கு ஊட்டச்சத்து மேல்படிப்புக்குப் போகும்போது நீயே ஒரு ஒப்பந்தம் சொன்னாய். நீங்கள் சாப்பிடும்போது படம் அனுப்புங்கள், நானும் அனுப்புவேன், யாரும் யாரையும் ஏமாற்றக்கூடாது என்றாய். ஏமாற்றக்கூடாது என்ற வார்த்தை உன்னுடையது மக்களே, என்னுடையது இல்லை.

போன மாதம் இருபத்தெட்டாம் தேதி பகல் ட்ரிப்பில் தக்கலையில் வண்டி நின்றபோது வள்ளிநாயகம் ஏறினார். உன் ரூம் தோழி சிவப்ரியாவின் அப்பா, பூதப்பாண்டிக்காரர், உங்கள் இரண்டு பேரையும் கொண்டுவிட வந்தபோது ரயிலில் இரண்டு நாள் ஒன்றாக இருந்தோமே, அவர்தான். சென்னையிலிருந்து வந்த உறவுக்காரர்களைப் பத்மநாபபுரத்தில் அரண்மனை பார்க்க விட்டுவிட்டு வருகிறேன் என்றார். என்னைக் கண்டதும் அத்தனை சந்தோஷம். நீங்க பிள்ளைக்கு அனுப்புற சக்க வரட்டியும் ஏத்தங்கா சிப்ஸும் எல்லாம் எனக்க பிள்ளைதான் திங்கா அண்ணாச்சி, ஜெஸ்பினுக்கு வேண்டாமாம்லா என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மாதாமாதம் அந்தப் பலாப்பழ வரட்டி, நேந்திரங்காய்ப் பொட்டலத்தை நான் எப்படிக் கட்டுகிறேன் என்று உனக்குத் தெரியும், எறும்பு ஏறக்கூடாது என்று மூன்று உறை போடுவேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“பிள்ளைக்கு இப்ப எப்பிடி இருக்கு அண்ணாச்சி? செப்டம்பர்ல ரெண்டு நாளு ஆஸ்பத்திரியில கெடந்தாள்லா. எனக்க மகதான் கூட இருந்தா. ரொம்பப் பயந்துபோயிற்றா பாவம்.”

என் கையில் டிக்கெட் மெஷின் இருந்தது. எந்த ஸ்டேஜ் என்று எனக்குத் தெரியவில்லை, இருபத்தாறு வருடமாகப் போய்வருகிற ரோடு. இப்ப சொகமாயிட்டா, தேவலை என்று சொன்னேன். எனக்குத் தெரியாது என்று அந்த மனிதரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெற்ற மகள் ஆஸ்பத்திரியில் கிடந்ததை பஸ்ஸில் ஏறிய ஆள் சொல்லித் தெரிந்துகொள்கிற தகப்பன் என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்று, தெரிந்தது போலவே தலையாட்டிக்கொண்டு, வில்லுக்குறி வருவதற்குள் என்ன நடந்தது என்பதை அவர் வாயிலிருந்தே ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டேன். பயிற்சிக்குப் போன ஆஸ்பத்திரி வார்டில் நின்றுகொண்டிருக்கும்போதே நீ விழுந்ததையும், மேஜை இடித்து நெற்றியில் தையல் போட்டதையும், ஹீமோகுளோபின் ஏழரை என்று சொன்னதையும், நீ ஒரு நாளைக்கு ஒரு நேரம்தான் சாப்பிடுகிறாய், அதையும் பாதி வைத்துவிடுகிறாய் என்பதையும். நெற்றியில் முடியை இறக்கிவிட்டு வீடியோ காலில் பேசினாயே, புது ஸ்டைலா என்று நான் கேட்டேனே.

அந்த ட்ரிப் முடிந்ததும் டிப்போவில் ஓய்வறைப் பெஞ்சில் உட்கார்ந்து நீ அனுப்பிய படங்களை எல்லாம் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். மனதில் கெட்ட எண்ணம் இல்லாதவன் அதுவரை ஏன் பார்க்கப்போகிறான். ஜூலை பதினேழாம் தேதி காலையில் நீ அனுப்பிய தட்டில் மூன்று இட்லி, ஒன்றின் ஓரம் உடைந்திருக்கும், தட்டின் விளிம்பில் சிவப்புப் பூச்சுப் போட்ட உன் பெருவிரல் தெரியும். அதே இட்லி, அதே உடைந்த ஓரம், அதே விரல் ஆகஸ்ட்டில் இரண்டு தடவை வந்திருக்கிறது. செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி காலை ஏழு நாற்பதுக்கு மறுபடியும் வந்திருக்கிறது. வள்ளிநாயகம் சொன்ன கணக்குப்படி நீ இருபதாம் தேதி விழுந்தாய். அப்படியென்றால் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது மற்றக் கையால் போனை எடுத்து, பழைய படத்தைத் தேடி எடுத்து எனக்கு அனுப்பி, சாப்பிட்டாச்சு, நீங்க என்று எழுதியிருக்கிறாய். நான் உடனே என் சப்பாத்தியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது சப்பாத்தி எதற்கு என்று நீ என்னைத் திட்டியிருக்கிறாய். அதற்கு நான், இனிமேல் இரண்டுதான் மகளே, மன்னிச்சுக்கோ என்று பதில் போட்டிருக்கிறேன். ஜெஸ்பின், நீ சாப்பிடாததைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடியும். அந்த மன்னிச்சுக்கோவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள், அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சிவப்ரியா அன்றைக்கே அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள், நீயும் மறுநாள் பேசி, அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாய். ஓங்களுக்குச் சுகர் ஏறிப்போவும்னுதான் சொல்லல்ல என்றாள். எனக்கு வந்த கோபத்தில் இன்னும் என்ன மறைத்தாய் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் உன் பெயரைச் சொல்லி மூன்று வியாழக்கிழமை ஜெபம் செய்தார்களாம். சபையில் பதினைந்து பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது, உன் தகப்பனுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது அந்தப் பெண்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்ததை, சுகர்காரன் என்று பார்க்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அம்மாவோடு நான் இன்னும் சரியாகப் பேசவில்லை. சாதம் போடு, தண்ணீர் கொடு, அவ்வளவுதான். அவள் உன்னைவிடப் பாவம் என்று தெரியும், இருந்தாலும் மனம் ஆறவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்தது புத்தியுள்ளவன் செய்கிற காரியம் இல்லை, ஆனாலும் உன்னிடம் மறைக்காமல் எழுதுகிறேன். ஐந்து அலாரத்தையும் அணைத்துவிட்டேன். உனக்குப் படம் அனுப்பவில்லை, நேரம் பார்த்துச் சாப்பிடவும் இல்லை. யாருக்காகச் சாப்பிட வேண்டும் என்று ஒரு வீம்பு. மூன்றாம் நாள் காலையில் மாத்திரையை மட்டும் போட்டுவிட்டு பால் இல்லாத ஒரு கட்டன்சாயாவோடு டூட்டிக்குப் போனேன். ஏழரையும் போனது, பத்தரையும் போனது. அழகியமண்டபம் தாண்டியதும் சட்டை நனைந்துவிட்டது, விரல் நடுங்கி மெஷினில் பொத்தானை அமுக்க முடியவில்லை, எண் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஒரு பெண் என்னவோ கேட்கிறாள், வாய் அசைவது தெரிகிறது, சத்தம் தூரத்தில் இருக்கிறது. கம்பியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் லிஜின் வண்டியை ஓரம் கட்டி ஓடிவந்து, எதிர்க் கடையிலிருந்து சீனி அள்ளிப் போட்ட சாயாவை வாங்கி என் வாயில் பிடித்தான். அந்தப் பெண் பையிலிருந்து பழத்தை உரித்து ஊட்டினாள், யாரோ எவரோ தெரியாது. கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. விஷயமெல்லாம் லிஜினிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். அவன் என்னைப் பார்த்து, மகளுக்க மேல உள்ள கோவத்த ஒடம்புக்க மேல காட்டுவியளா அண்ணா என்று மட்டும் கேட்டான்.

ஆனால் அந்த இரண்டு மூன்று நிமிஷம் இருக்கிறதே, எல்லாம் நம்மை விட்டுத் தூரப் போகிற அந்த நேரம், அப்போது எனக்கு உன் நினைவுதான் வந்தது. இப்படித்தான் விழுந்திருப்பாள், அங்கே இவளுக்கு லிஜின் மாதிரி யார் இருந்தார்கள் என்று. கோபம் போகவில்லை. ஆனால் அதோடு பயமும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் லீவு போட்டு, நான் சுகர் பார்க்கிற டாக்டரம்மாவிடம் போனேன். முதலில் அவர்களிடம் நல்ல திட்டு வாங்கினேன், மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று. பிறகு உன் விஷயத்தைச் சொன்னேன். ஒரு நாளைக்கு ஒரு தடவை சாப்பிட்டால் மெட்டபாலிசம் ஏறும் என்று பிள்ளை ஏதோ வீடியோவில் பார்த்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், ஐந்து தடவை சாப்பிட்டால் ஏறும் என்று எனக்குச் சொன்னார்கள், எது சரி என்று கேட்டேன். அவர்கள் சிரித்துவிட்டு, இரண்டுமே அப்படி இல்லை, எத்தனை தடவை என்பதால் பெரிதாக ஒன்றும் ஏறுவதும் இல்லை இறங்குவதும் இல்லை, ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது மொத்தமாகப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கணக்கு என்றார்கள். எனக்கு மாத்திரை இருப்பதால் நேரம் முக்கியம். உனக்கு அளவு முக்கியம், அந்த அளவை ஒரே நேரத்தில் உன்னால் சாப்பிட முடியாது, அதனால்தான் பிரித்துச் சாப்பிட வேண்டும். வேண்டியது கிடைக்காவிட்டால் உடம்பு தன் செலவைக் குறைக்கும் என்றார்கள். எனக்கு அது உடனே புரிந்தது. டிப்போவில் வண்டி குறைந்தால் எல்லா ரூட்டையும் நிறுத்த மாட்டார்கள், முதலில் ஆள் குறைவான ட்ரிப்பை நிறுத்துவார்கள், அப்புறம் அடுத்ததை. அப்படித்தான் முடி கொட்டுவதும், உச்சி வெயிலில் உனக்குக் குளிர்வதும். அம்மா சொன்ன இன்னொன்றையும் அப்பா கூச்சப்படாமல் எழுதுகிறேன், மூன்று மாதமாக உனக்கு மாதவிலக்கு வராததும் அதனால்தான் இருக்கும், அதை அங்கே பெண் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்றார்கள். சாப்பாட்டைக் கண்டால் பயமாக இருக்கிறது என்று நீ அம்மாவிடம் சொன்னதைச் சொன்னதும் அவர்கள் சிரிப்பு நின்றுவிட்டது. அது பிடிவாதம் இல்லை, நோய், திட்டினால் போகாது, அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள், உங்கள் காலேஜிலேயே மனநல ஆலோசகர் இருப்பார், போகச் சொல்லுங்கள் என்றார்கள். போவாயா?

அன்று சாயங்காலம்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ சொன்னதை எல்லாம் நான் கேட்டேன், மறக்கவில்லை. காலையில் ஆறு இருபது பஸ், மெஸ் திறப்பது ஏழு மணிக்கு. மத்தியானம் வார்டில் ரவுண்ட்ஸ் முடிய மூன்றாகும், அதற்குள் கேன்டீன் காலி. வந்ததும் ரெக்கார்டு எழுத வேண்டும். முதலில் நேரம் இல்லாமல்தான் விட்டாய். அப்புறம் அந்த வீடியோ. அப்புறம் உடம்பு இளைத்தது, கூடப் படிக்கிறவர்கள் அழகாக இருக்கிறாய் என்றார்கள், அது நன்றாக இருந்தது. அப்புறம் பசியே வரவில்லை. ஊட்டச்சத்துப் படிக்கிறவளே இப்படி என்றால் யாரிடம் சொல்வது என்று வெட்கம். எல்லாம் சரி. கடைசியில் ஒன்று சொன்னாய், அதைக் கேட்டுத்தான் போனை வைத்துவிட்டேன்.

“நீங்க எனக்க சார்ட்ட வேதப்புஸ்தகம் மாதிரி நம்பினியளப்பா. நானே அதுபடி நிக்கலன்னு ஒங்ககிட்ட எப்பிடிச் சொல்லுவேன்.”

நான் சார்ட்டை நம்பவில்லை ஜெஸ்பின். காகிதத்தில் என்ன இருக்கிறது, ஆஸ்பத்திரியில் கேட்டால் அச்சடித்தே தருவார்கள். நான் உன்னை நம்பினேன். அந்த வித்தியாசம் உனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

இதையும் எழுதாமல் விட்டால் நான் யோக்கியன் இல்லை. ஓணத்துக்கு நான்கு நாள் வந்தாயே, திரும்பிப் போகும்போது உன்னைப் பார்த்து, இப்பதான் மெலிஞ்சு பார்க்க எடுப்பா இருக்கா என்று அம்மாவிடம் சத்தமாகச் சொன்னது நான்தான். உன் முகம் மலர்ந்ததும் நினைவிருக்கிறது. அந்த நான்கு நாளும் எங்களோடு உட்கார்ந்து எல்லா நேரமும் சாப்பிட்டாய், எப்படிச் சாப்பிட்டாயோ, எவ்வளவு பயந்துகொண்டு சாப்பிட்டாயோ. அந்த ஒரு வார்த்தைக்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்கு நீ என்னிடம் கேட்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நீ போனில் சொன்ன நேரத்தை எல்லாம் எழுதிக்கொண்டு டாக்டரம்மாவிடம் மறுபடியும் போய்க் கேட்டு வந்ததுதான், என் சொந்தப் புத்தி இல்லை. காலையில் பஸ்ஸுக்கு முன்னால் ஒன்றும் இறங்காது என்றால் இரண்டு வேகவைத்த முட்டையும் ஒரு பழமும், முந்தின சாயங்காலமே மெஸ்ஸில் கேட்டு வாங்கி வை. கோட்டுப் பையில் வறுத்த கடலை, அதை நடந்துகொண்டே தின்னலாம், நான் வண்டியில் தின்னவில்லையா. மத்தியானத்துக்கு டப்பாவில் தயிர்ச்சாதமோ சப்பாத்தியோ, கூட ஏதாவது பயறு. மூன்று மணி வரை காத்திருக்காதே, சீனியரிடம் பத்து நிமிஷம் வேண்டும் என்று கேள், கேட்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ராத்திரி எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடு. முதல் வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முடியும் என்றார்கள், முடிகிற அளவு போதும். மெலிந்தவள் தேறினால் குண்டாகிவிட்டாள் என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள், முதல் ஆளாக நான் இருக்கமாட்டேன்.

பதினேழாம் தேதியிலிருந்து எனக்கு ஐந்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து ரயில், பத்தொன்பதாம் தேதி உன் ஹாஸ்டல் வாசலில் இருப்பேன். சோதனை போட வரவில்லை. உன் நெற்றித் தழும்பைப் பார்க்க வேண்டும், சிவப்ரியாவுக்கு நன்றி சொல்ல வேண்டும், உன்னோடு அந்த ஆலோசகரைப் பார்க்க வேண்டும், நீ வெளியே நிற்கச் சொன்னால் வெளியே நிற்பேன். அம்மா தானும் வருவேன் என்கிறாள். முட்டுவலியோடு இரண்டு நாள் ரயிலா என்று கேட்டேன், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து நான் அவளிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது. அவள் அப்போதே பெட்டியை இறக்கித் தட்டத் தொடங்கிவிட்டாள்.

இனிமேல் எனக்குப் படம் அனுப்பாதே. நானும் கேட்கமாட்டேன். அனுப்பினால் அந்த இட்லியின் ஓரம் உடைந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பேன், அப்படிப் பார்க்கிற தகப்பனாக எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வரி மட்டும் எழுது. சாப்பிட்டிருந்தால் சாப்பிட்டேன் என்று எழுது, முடியவில்லை என்றால் இன்றைக்கு முடியவில்லை அப்பா என்று எழுது. முடியவில்லை என்று எழுதினால் திட்டுவேன். ஆனால் நம்புவேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் சரீரத்துக்கும் மனதுக்கும் பெலன் தருவாராக. இரும்புச்சத்து மாத்திரையைச் சாயாவோடு விழுங்காதே, உடம்பில் பிடிக்காதாம், எலுமிச்சைத் தண்ணீரோடு போடு, உனக்கே தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் கோபமாக இருக்கும்
அப்பா ஜாஸ்பர்.